குதிரை வணிகரும் பட்டங்கட்டிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை வேறு. நாம் கூடியிருக்கும் இந்தப் புதுக்கோட்டை, தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகும் சாலையில் இருப்பது. கிழக்கே துறைமுகம், மேற்கே உள்நாடு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற ஒருவரைப் பற்றிப் பேச இந்த ஊர் பொருத்தமான இடம் என்று தோன்றியது. அதனால்தான், தலைப்பு என்ன என்று கேட்டபோது தயங்காமல் ஜோவான் த குரூஸ் என்ற பெயரைச் சொன்னேன்.

அவர் நம் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். கள்ளிக்கோட்டைக்காரர். குதிரை வணிகர். போர்ச்சுகீசிய மொழியும் நம் பக்கத்துப் பேச்சும் தெரிந்தவர். 1535-37-இல் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும் கொச்சியிலிருந்த போர்ச்சுகீசியருக்கும் இடையே பேசி முடித்தவர். அந்தப் பேச்சின் விளைவாக ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடற்கரையின் வரலாறு திசைமாறியது. சிலர் அவரை ஓர் இனத்தைக் காத்தவர் என்கிறார்கள். சிலர் அந்நியனுக்கு வாசல் திறந்துவிட்டவர் என்கிறார்கள். இரண்டு தீர்ப்புகளும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1. கள்ளிக்கோட்டையிலிருந்து லிஸ்பனுக்கு

1513-இல் கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரிக்கும் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கும் சமாதானம் ஏற்பட்டது. அதையொட்டிச் சாமூதிரி தம் தரப்பில் ஓர் இளைஞரைப் போர்ச்சுகல் அரசர் மனுவேலின் அவைக்கு அனுப்பினார். அந்த இளைஞர் லிஸ்பனில் மொழியைக் கற்றார், கிறிஸ்தவரானார், ஜோவான் த குரூஸ் என்ற பெயரைப் பெற்றார். அரசர் அவருக்குக் கிறிஸ்துவின் வீரர் சபைப் பட்டமும் ‘தோம்’ என்ற மரியாதையும் கொடுத்தார். சேசு சபைக் குறிப்புகள் அவரைச் செட்டி என்று சொல்கின்றன.

ஓர் அரசர் அனுப்பிய தூதராகப் போனவர், இன்னோர் அரசரின் வீரராகத் திரும்பினார். ஊர் திரும்பியதும் வணிகத்தில் இறங்கினார், கடன்பட்டார். 1530-களில் குமரிமுனைப் பக்கம் குதிரை விற்கும் வணிகராக அவரைப் பார்க்கிறோம். அந்தக் காலத்தில் குதிரை என்பது சாதாரணச் சரக்கு அல்ல. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கடல்வழியாக வந்து இறங்கும் குதிரை யாருடைய லாயத்துக்குப் போகிறதோ, அவர் கைதான் போர்க்களத்தில் ஓங்கும். விஜயநகரமும், வேணாடும், கயத்தாற்றுப் பக்கத்துப் பாண்டியரும், உள்நாட்டுத் தலைவர்களும் குதிரைக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கடல்வழியோ போர்ச்சுகீசியர் பிடியில் இருந்தது. எனவே குதிரை வணிகர் எல்லா வாசலிலும் நுழையக்கூடியவர். எந்த வாசலையும் பகைத்துக்கொள்ள முடியாதவர்.

2. பேச்சுவார்த்தைக்கு முன் இருந்த கடற்கரை

த குரூஸ் வந்துதான் போர்ச்சுகீசியரைப் பரதவருக்கு அறிமுகம் செய்தார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 1523-லேயே ஜோவான் ஃப்ளோரஸ் என்பவர் முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுகீசியத் தலைவராக அமர்த்தப்பட்டார். ஆக, பன்னிரண்டு ஆண்டுகளாகவே முத்துக்குளிக்கும் சிலாபக் காலத்தில் பரங்கியரின் கப்பலையும் துப்பாக்கியையும் வரிவசூலையும் நம் கடலோடிகள் கண்ணால் பார்த்திருந்தார்கள். யாரிடம் போகிறோம் என்று தெரியாமல் அவர்கள் கொச்சிக்குப் போகவில்லை.

முத்துக்குளிப்பின் கணக்கு பலருக்குத் தெரிந்ததுதான். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியதும் சிலாபம் கூடும். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிச் சிப்பிப் பாருக்கு இறங்குபவர் ஒருவர், கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பவர் ஒருவர், தோணிக்காரர் ஒருவர், முன்பணம் கொடுத்தவர் ஒருவர், அரசனுக்குக் குத்தகை கட்டியவர் ஒருவர். எடுத்த சிப்பி இத்தனை பேருக்கும் பங்காகப் பிரியும். குத்தகையும் முன்பணமும் காயல் முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தன. கடலுக்குள் இறங்குபவருக்கும் கரையில் கணக்கு வைத்திருப்பவருக்கும் இடையே புகைச்சல் இருந்தது. 1530-களில் அது வெட்டுக்குத்தாக முற்றியது.

ஒரு பரதவரின் காது கடுக்கனோடு அறுக்கப்பட்டதாகவும், அதிலிருந்து பழிக்குப் பழி கிளம்பியதாகவும், பரதவர் தலைகளுக்கு விலை வைக்கப்பட்டதாகவும் சேசு சபையார் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, நமக்குக் கிடைக்கும் விரிவான கதைகள் பல பத்தாண்டுகள் கழித்து, மதமாற்றத்தை வெற்றியாகக் கருதியவர்களால் எழுதப்பட்டவை. இரண்டு, எதிர்த்தரப்பில் இருந்த காயலரும் மரக்காயரும் இதே மண்ணின் தமிழர்கள். போர்ச்சுகீசியர் வருகையால் அவர்களுடைய கடல் வணிகம் நொறுங்கிக்கொண்டிருந்தது. மலபார்க் கரையில் ஷேக் சைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அந்த இழப்பைப் பேசுகிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சண்டையை இன்றைய பகையாக்க யாருக்கும் உரிமை இல்லை. முஸ்லிம்கள் வாழும் காயல்பட்டினமும் பரதவர் வாழும் வீரபாண்டியன்பட்டினமும் இன்றும் அடுத்தடுத்த ஊர்கள்.

3. கொச்சிப் பயணம்

இந்த நெருக்கடியில்தான் த குரூஸ் பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் பேசுகிறார். போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள், அவர்கள் மதத்தில் சேருவதாகச் சொல்லுங்கள், கேட்டது கிடைக்கும் என்பது அவர் சொன்ன வழி. முதலில் 15 பேரும் பின்னர் 70 பேரும் கொச்சிக்குப் போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன. அங்கே தலைமைக் குரு மிகேல் வாஸ் அவர்களை ஏற்றார். பிறகு குருக்களும் படகுகளும் இங்கே வந்தன. 1537-க்குள் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று துறைதுறையாக மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538 தொடக்கத்தில் மண்டபத்தை அடுத்த வேதாளையில், மார்ட்டிம் அஃபோன்சோ த சோசாவின் படை பட்டு மரக்காரின் தலைமையில் வந்த கள்ளிக்கோட்டைக் கடற்படையை முறியடித்தது. அதன்பின் முத்துக்குளித்துறை போர்ச்சுகீசியர் வசமானது.

அந்தக் கொச்சி அவையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகாரிகளும் குருக்களும், மறுபக்கம் பட்டங்கட்டிகள், நடுவில் த குரூஸ். பட்டங்கட்டிகள் கேட்டது என்ன? உயிருக்கும் துறைக்கும் பாதுகாப்பு. அதிகாரிகள் கேட்டுக்கொண்டது என்ன? ஆயிரக்கணக்கான ஆன்மாக்கள், கூடவே முத்து. நடுவில் நின்றவர் இரு தரப்புக்கும் உடன்பாடாகும்படி இரண்டையும் பொருத்தினார். அந்தத் திறமையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

4. விண்ணப்பக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

த குரூஸ் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதங்கள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மானியச் சேசு சபை அறிஞர் கேயோர்க் ஷூர்ஹாமர் அவற்றை வெளியிட்டார். 1537 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், பரதவர் கிறிஸ்தவரானது தம் முயற்சியால்தான் என்கிறார். கூடவே தம் கஷ்டத்தைச் சொல்கிறார். குதிரை வணிகத்தில் சலுகை கேட்கிறார்.

அந்தக் காலத்தில் அரசருக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. நான் செய்த ஊழியம் இது, நான் பட்ட நட்டம் இது, ஆகவே எனக்கு இதைத் தர வேண்டும். ஊழியத்தின் அளவு கூடக்கூடக் கேட்கும் சலுகையின் அளவும் கூடும். கடன்பட்ட வணிகர் ஒருவர், முழுக் கடற்கரையையும் தாமே திருப்பியதாகச் சொல்வதில் வியப்பில்லை. அது பொய் என்று சொல்ல வரவில்லை. அது விண்ணப்பம், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன தவறு வருகிறது. அவரைப் போற்றுபவர்கள், ‘எல்லாம் அவரால் நடந்தது’ என்கிறார்கள். அவரைத் தூற்றுபவர்களும், ‘எல்லாம் அவரால்தான் நடந்தது’ என்கிறார்கள். இருவருமே அவருடைய விண்ணப்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அந்தக் கதையில் பட்டங்கட்டிகளுக்கு இடமில்லை. அவர்கள் யாரோ அழைத்துப்போன கூட்டமாகிவிடுகிறார்கள்.

ஆனால் முதலில் சிலர் போனார்கள், பிறகு பலர் போனார்கள் என்ற செய்தியே வேறொன்றைச் சொல்கிறது. முன்னே போனவர்கள் நிலவரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகே மற்றவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் கூடி, துறைக்குத் துறை ஆள் அனுப்பி, இசைவு பெற்று எடுக்கப்பட்ட முடிவின் சாயல் அதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மாறியதும் இதனால்தான்: முடிவெடுத்தது சாதிக்கட்டு, தனிமனிதர் அல்லர். வழி சொன்னவர் த குரூஸ். நடந்தவர்கள் இவர்கள்.

5. பிற நாடுகளில் இதே வழக்கு

இடையில் நின்று மொழி பெயர்த்தவர்களைத் துரோகி என்று தீர்ப்பெழுதுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1519-இல் மெக்சிகோவில் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் படைக்கு 20 அடிமைப் பெண்கள் பரிசாகக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி மலின்சின். நாவாட்டில், மாயா இரண்டும் தெரிந்தவள்; பின்னர் ஸ்பானியமும் கற்றாள். அஸ்டெக் பேரரசன் மொக்தெசூமாவுடன் கோர்த்தேஸ் பேசியது அவள் வாய்வழியாகத்தான். விடுதலை பெற்ற மெக்சிகோ அவள் பெயரையே வசைச்சொல்லாக்கியது. எட்டயபுரம் இருக்கும் மாவட்டத்துக்காரர்களான நமக்கு, ஒரு பெயர் வசையாவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. அண்மைக்கால வரலாற்றாளர்களும் பெண் எழுத்தாளர்களும்தான் கேட்டார்கள்: தன் மக்களால் விற்கப்பட்ட அடிமைப் பெண் யாருக்குத் துரோகம் செய்தாள்? அவளுக்கு ‘தன் நாடு’ என்று ஒன்று இருந்ததா?

பெரு நாட்டில் ஸ்பானியத் தளபதி பிசார்ரோவின் மொழிபெயர்ப்பாளன் ஃபெலிப்பியோ மீதும் இதே பழி உண்டு. 1532-இல் கஹமார்க்காவில் இன்கா மன்னன் அத்தாவால்ப்பா பிடிபட்டதற்கு அவன் தவறாக மொழிபெயர்த்ததே காரணம் என்றார்கள். ஒரு பேரரசே ஓர் இளைஞனின் நாக்குப் பிழையால் விழுந்தது என்று சொல்வது, வென்றவனுக்கும் வசதி, தோற்றவனுக்கும் வசதி.

த குரூஸின் நிலை இவர்களுடையது போன்றதல்ல. அவர் அடிமையல்லர், சிறைப்பட்டவரல்லர். தாமே எழுதத் தெரிந்தவர். வீரர் பட்டம் பெற்றவர். அதனால் மலின்சினுக்குத் தரும் இரக்கத்தை அவருக்கு அப்படியே தந்துவிட முடியாது. இருநூறு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோடுதான் அவரை ஒப்பிட வேண்டும். பிள்ளையும் வணிகர்; அதிகாரத்துக்கு அருகிலிருந்தவர்; தம் கணக்கைத் தாமே எழுதிவைத்தவர். ஆனால் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு தமக்காக எழுதியது. அதில் அங்காடிப் பேச்சும் அச்சமும் எரிச்சலும் கலந்திருக்கின்றன. த குரூஸின் கடிதங்கள் அரசருக்காக எழுதியவை. எனவே பிள்ளையை நம்மால் நெருங்க முடிகிறது. த குரூஸின் முகம் விண்ணப்பத்தின் பின்னால் மறைந்திருக்கிறது.

6. விலை கட்டியவர்கள்

ஒப்பந்தத்தின் பயனை யார் பெற்றார்கள் என்பதோடு, விலையை யார் கட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பரதவர் போர்ச்சுகல் அரசிக்கு ஆண்டுதோறும் 4,000 பொன் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அரசியின் காலணிச் செலவு என்று அதற்குப் பெயர்! மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவர்களின் உழைப்பு, அவர்கள் கண்ணால் காணாத ஓர் அரசியின் காலணியாயிற்று. பின்னாளில் இங்கு வந்த சேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி, ஊர்தோறும் வேதம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாகக் கொடுத்தார்.

1544-இல் தெலுங்கரான வடுகரின் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைத் தாக்கியது. மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி, வெயிலில் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து உணவு ஏற்றிய இருபது தோணிகளோடு கிளம்பினார். எதிர்க்காற்றால் முடியாமல், பின் தரைவழியாக நடந்தார். பாதுகாப்புக்கென்று அமர்த்தப்பட்ட போர்ச்சுகீசியத் தலைவர் கோஸ்மே த பைவா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? உள்நாட்டுத் தலைவர்களோடு குதிரை வணிகம். அவர் மக்களைக் கசக்கியதைப் பற்றிச் சவேரியாரின் கடிதங்களில் கடுமையான முறையீடுகள் இருக்கின்றன. அந்த ஆண்டே தூத்துக்குடி தாக்கப்பட்டபோது மக்கள் மீண்டும் தீவுகளுக்கு ஓடினார்கள்.

த குரூஸ் எந்தக் குதிரை வணிகத்துக்காகச் சலுகை கேட்டாரோ, அதே வணிகம்தான் ஏழே ஆண்டுகளில் காவலரைக் காவலிலிருந்து திருப்பிவிட்டது. இதற்கு த குரூஸைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அவர் பேசி முடித்த ஒப்பந்தத்தில், பாதுகாப்புத் தருவதாகச் சொன்னவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கு விடையில்லை. வணிகர் முடித்துவைத்த பேரம் அது. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் முடிந்துவிடும் பேரம்.

7. பேரத்துக்குப் பின் வந்த மொழி

இன்னொரு குறையும் அதில் இருந்தது. பேரம் பேச ஆள் இருந்தார். வேதம் சொல்ல ஆள் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. 1542-இல் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர மக்களுக்கு வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை என்று எழுதுகிறார். அவர் இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து, மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். 1544 ஆகஸ்டில் மொழிபெயர்ப்பாளர் நோயில் படுத்துவிட, தான் சொல்வது மக்களுக்கும் மக்கள் சொல்வது தனக்கும் விளங்காமல் தவிப்பதாகப் புன்னைக்காயலிலிருந்து எழுதினார். மாபெரும் மறைப்பணியாளர் என்று உலகம் கொண்டாடும் ஒருவர், நம் ஊர்க்காரர் ஒருவர் இல்லாமல் ஊமையாக நின்றார் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. கறுப்பும் சிவப்புமாக, ரோமன் எழுத்தில் தமிழும், அதனோடு போர்ச்சுகீசியப் பொருளும் கொண்ட மந்திர நூல். வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள் அதை ஆக்கினார்கள். தமிழ் முதன்முதலாக அச்சேறியது, தமிழர்களே மொழிபெயர்த்த நூலில். பின்னர் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் வந்தது. 1586-இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’. இவற்றை ஆக்கிய என்றீக்கே என்றீக்கஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையில் வாழ்ந்து தமிழ் இலக்கணமும் எழுதியவர். அவருக்குச் சொல் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தத் துறைகளின் மக்கள்.

இந்த உழைப்பு என்ன செய்தது என்பதை 1658 காட்டியது. அந்த ஆண்டு ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். அவர்களோடு வந்த போதகர் பால்தேயுஸ் பரதவர்களைத் தம் பக்கம் திருப்ப முயன்று முடியாமல் போனார். 1536-இல் நடந்தது துப்பாக்கிக்கும் ஞானஸ்நானத்துக்குமான பண்டமாற்று மட்டுமே என்றால், துப்பாக்கி கைமாறிய அன்றே மதமும் கைமாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில், வாங்கிய மதத்தை மக்கள் தங்கள் மொழியில் தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தார்கள். பரதவரின் சாதித்தலைவர் காபிரியேல் த குரூஸ் 1806-இல் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குச் செய்த தங்கத் தேர், கோயில் தேரோட்டத்தின் மரபில் வந்தது. லிஸ்பனில் அப்படி ஒரு தேர் இல்லை.

8. நிறைவாக

ஜோவான் த குரூஸைப் பற்றி என் முடிவு இது. அவர் மீட்பருமல்லர், துரோகியுமல்லர். தம் கடனையும் வணிகத்தையும் மனத்தில் வைத்து, உண்மையான ஆபத்தில் இருந்த மக்களுக்கு, நடக்கக்கூடிய ஒரு வழியைக் காட்டியவர். அந்த வழியின் ஆதாயத்தில் பங்கு கேட்டார். அதன் விலையில் அவருக்குப் பங்கில்லை. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயமான கணக்கு.

ஆனால் அவரைப் பற்றிய வழக்கிலேயே நாம் நின்றுவிடக் கூடாது. 1536-இன் முடிவு பட்டங்கட்டிகளுடையது. அதை நிலைக்கச் செய்தது மொழிபெயர்த்தவர்களும் கணக்கப்பிள்ளைகளும். இவர்களில் பெரும்பாலோர் அரசருக்கு விண்ணப்பம் எழுதவில்லை. அதனால் ஆவணத்தில் உரக்கப் பேசவில்லை. வரலாறு எழுதுகிறவர், உரக்கப் பேசுகிறவரை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடலாகாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். த குரூஸின் கடிதங்கள், சவேரியார் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்கள், 1554-இன் லிஸ்பன் நூல், மக்தூமின் அரபு நூலில் இந்தக் கடலைப் பற்றிய பகுதிகள், இவை நான்கும் தமிழில் ஒரே தொகுப்பாக, நல்ல குறிப்புரையோடு வர வேண்டும். போர்ச்சுகீசியமும் அரபியும் கற்ற நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்தால் ஆகக்கூடிய வேலைதான். காயல்பட்டினத்திலிருந்து ஒருவரும் மணப்பாட்டிலிருந்து ஒருவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மைப் பற்றிப் பிறர் பேசிய பேச்சை, இந்த முறை நாமே மொழிபெயர்த்துக் கேட்போம்.